ரெவோ, பல்க் கிராப், ஃபைல் லாக்ஸ்மித்: டி.டி.பி. கடைக் கணினிகளில் பல வருட அனுபவம்

விண்டோஸில் ஒரு மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்யச் சொன்னால், பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது அந்த மென்பொருளோடு கூடவே வந்த அன்இன்ஸ்டாலர்தான். அதை எழுதியவர் எதை அழிக்கச் சொன்னாரோ அது மட்டும் அழியும். ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டர்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி, நேரம் பார்த்து நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் என்று பல இடங்களில் மிச்சம் கிடக்கும். எங்கள் டி.டி.பி. கடைக் கணினிகளைப் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பைத் திறக்க ஏதோ ஒரு மென்பொருளைப் போடுவோம். அதோடு நாம் கேட்காத இரண்டு மூன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றைத் துப்புரவாக எடுக்க இப்போது என்னிடம் நிலையாக இருப்பவை மூன்றே கருவிகள்.

முதலாவது ரெவோ அன்இன்ஸ்டாலர். இலவசப் பதிப்புதான். இதில் எனக்குப் பிடித்தது வேலை செய்யும் வரிசை: ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக முதலில் சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் எடுக்கிறது, அடுத்து மென்பொருளின் சொந்த அன்இன்ஸ்டாலரை ஓடவிடுகிறது, அது முடிந்த பிறகுதான் மிச்சத்தைத் தேடுகிறது. தேடலில் சேஃப், மாடரேட், அட்வான்ஸ்டு என மூன்று நிலைகள். நான் மாடரேட்டைத் தாண்டுவது அபூர்வம். ரெஜிஸ்ட்ரி பட்டியல் மரம் மாதிரி விரியும். அதில் தடித்த எழுத்தில் இருப்பவைதான் மிச்சம், மற்றவை அங்கே போகும் வழி மட்டுமே. புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'செலக்ட் ஆல்' பொத்தானை அழுத்தும் முன் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பெயரையும் நிறுவனத்தையும் வைத்துத் தேடுவதால், பழைய ஸ்கேனர் மென்பொருளை எடுக்கும்போது அதே நிறுவனத்தின் பிரிண்டருக்கான ஃபோல்டரும் பட்டியலில் வந்து நிற்கலாம். பிரிண்டர் இல்லாமல் கடை ஓடாது.

இரண்டாவது, பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர். இது திறமூல மென்பொருள், முழுக்க இலவசம். செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கினால் முதலில் இதைத்தான் ஓட்டுவேன். வேண்டாதவற்றை மொத்தமாக டிக் செய்துவிட்டால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டு உட்கார வேண்டாம். அன்இன்ஸ்டாலர் காணாமல்போய் அநாதையாகக் கிடக்கும் ஃபோல்டர்களையும் கண்டுபிடிக்கும். மிச்சங்களுக்கு நேராக எவ்வளவு நம்பி அழிக்கலாம் என்ற மதிப்பீட்டையும் காட்டுகிறது. ஆனால் திரை முழுக்கத் தகவல் கொட்டிக் கிடக்கும். கடைப் பையன்களிடம் இதைக் கொடுக்க மாட்டேன், ரெவோவைக் கொடுப்பேன்.

அழியாத கோப்பு என்பது தனிக் கதை. எங்கள் கணினி ஒன்றில் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்று இருந்தது. யூனிகோடுக்கு முழுதாக மாறிய பிறகு அதை எடுத்தோம். எல்லாம் போய்விட்டது, ஒரே ஒரு டி.எல்.எல். கோப்பு (நிரல்கள் ஏற்றிக்கொண்டு பயன்படுத்தும் துணைக் கோப்பு) மட்டும் 'வேறு ஒரு நிரலில் திறந்திருக்கிறது' என்று சொல்லி அழிய மறுத்தது. இங்கேதான் என் மூன்றாவது கருவி கைகொடுத்தது: மைக்ரோசாஃப்ட் தரும் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் 2022-இல் சேர்ந்த ஃபைல் லாக்ஸ்மித். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து அதைத் திறந்தால், யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வந்தது: பேஜ்மேக்கர், வேர்ட், ஸ்கேனர் மென்பொருள். தட்டச்சுக்கே சம்பந்தமில்லாத ஸ்கேனர் எப்படி வந்தது? நாம் அழுத்தும் விசையை இடைமறித்துத் தமிழாக மாற்றுவதற்காக, இந்த வகை மென்பொருள் தன் டி.எல்.எல்.லைத் திறந்திருக்கும் மற்ற நிரல்களுக்குள்ளும் ஏற்றிவிடும். ஆளுக்கு ஒரு பிடி. ஒவ்வொன்றையும் 'எண்ட் டாஸ்க்' செய்தால் சேமிக்காத வேலை போய்விடும். அதனால் ஸ்டார்ட்அப்பில் மிச்சமிருந்த பதிவை நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட் செய்தேன். அப்புறம் சாதாரண டெலிட்டிலேயே போய்விட்டது.

இங்கே ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்தான், ஷட்டவுன் அல்ல. கணினியைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியான கெர்னலை டிஸ்கில் சேமித்துவைத்து மறுநாள் அப்படியே எழுப்புகிறது. 'அடுத்த முறை தொடங்கும்போது அழிக்கிறேன்' என்று அன்இன்ஸ்டாலர் குறித்துவைத்த கோப்புகள் அதில் அழியாமல் தங்கிவிடும். பாதிப் பேர் படும் சிரமம் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் என்றால், கோப்பைப் பிடித்திருப்பது இன்னொரு கணினியாக இருக்கலாம். ஃபைல் லாக்ஸ்மித் அதைக் காட்டாது. ஃபோல்டர் இருக்கும் கணினியில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் திறந்து, ஷேர்டு ஃபோல்டர்ஸ் என்பதில் ஓபன் ஃபைல்ஸ் பாருங்கள். யார் திறந்துவைத்திருக்கிறார் என்று தெரியும். அவரையே மூடச் சொல்வது நல்லது.

ஆன்டிவைரஸை மட்டும் இந்தக் கருவிகளை வைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். தன்னை யாரும் அழிக்காமல் காத்துக்கொள்ளும்படிதான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. விண்டோஸின் ஆழத்தில், டிரைவர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் நீக்குவதற்கென்றே தனிக் கருவி தருகின்றன. லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு ஒன்று என்ன செய்தும் போகாமல் அடம்பிடித்தபோது, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் அந்தக் கருவியை ஓட்டித்தான் எடுக்க முடிந்தது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் எங்கள் கணினிகளில் கிடையாது. அவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட்டும் ஆதரிப்பதில்லை. நாலு பழைய பதிவுகளை நீக்கினால் வேகம் கூடிவிடாது. தப்பான ஒன்று போனால் வேலை கெடும். 2017-இல், ரெஜிஸ்ட்ரி கிளீனரும் அடங்கிய சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் தீநிரல் புகுந்து, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே லட்சக்கணக்கானோருக்குப் போனதை நினைத்தால், கணினியில் முழு அதிகாரத்தோடு ஓடும் கருவிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. அதேபோல, இடம் அடைக்கிறதே என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். அதில் இருக்கும் எம்.எஸ்.ஐ. கோப்புகள் (நிறுவிய மென்பொருள்களின் இன்ஸ்டாலர் கோப்புகள்) போய்விட்டால், அந்த மென்பொருள்களைப் பிறகு நீக்கவும் முடியாது, அப்டேட் செய்யவும் முடியாது.

ரெவோவின் புரோ பதிப்பு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இன்ஸ்டால் ஆகும்போதே கண்காணித்துப் பதிவு செய்யும் வசதியும், பட்டியலிலேயே இல்லாத மென்பொருளை வலுக்கட்டாயமாக நீக்கும் வசதியும் அதில் உண்டு. தினமும் புதுப்புது மென்பொருளைப் போட்டுப் பார்க்கிறவர் என்றால் காசுக்குத் தகும். வீட்டுக் கணினிக்கு இலவசப் பதிப்பே போதும்.