முழுசா திரும்ப எழுதுறதா, துண்டு துண்டா மாத்துறதா?

பழைய சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல எந்த ஃபைல தொட்டாலும் சம்பந்தமே இல்லாத வேற ஒரு இடம் ஒடையுது, புதுசா சேர்ந்தவங்க "இத அப்படியே தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து எழுதிடலாமே"ன்னு கேக்குறாங்க, ஒரு சீனியர் மட்டும் இருக்குறத ஓடவிட்டுக்கிட்டே ஒவ்வொரு மாட்யூலா, அதாவது கோடோட ஒவ்வொரு தனிப் பகுதியா, மாத்தலாம்ங்குறாரு. நான் பெரும்பாலும் அந்த சீனியர் பக்கம்தான், ஆனா முழுசா திரும்ப எழுதுற ரீரைட்டுக்கும் ஒரு நியாயமான இடம் இருக்கு.

ரெண்டு வழியும் ஒரே பரம்பரைல நடந்திருக்குறதால பிரவுசர் கதைய எடுத்துக்குவோம். நெட்ஸ்கேப்ங்குற பிரவுசரோட 4.0 வந்தது 1997ல. 1998 அக்டோபர்ல வெப் பக்கத்த திரைல வரையுற பழைய லேஅவுட் எஞ்சின விட்டுட்டு கெக்கோங்குற புது எஞ்சின் மேல புதுசா கட்டலாம்னு முடிவு பண்ணாங்க. 5ங்குற வெர்ஷன் வெளிய வரவே இல்ல, 6 வந்தது 2000 நவம்பர்ல. மூணு வருஷத்துக்கு மேல! அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 விட்டுட்டாங்க, அது விண்டோஸோடவே வேற வந்துச்சு, அதனால எல்லா பழியையும் ரீரைட் தலைல கட்ட முடியாது. கெக்கோ நல்ல எஞ்சின்தான், நெட்ஸ்கேப் வழில வந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 2004ல அது மேலதான் நின்னுச்சு. கோட் வீணாகல, காலம்தான் போச்சு.

அதே ஃபயர்ஃபாக்ஸ் 2017 நவம்பர்ல 57வது வெர்ஷன்ல பக்கத்தோட நிறம், அளவு மாதிரி தோற்றத்த கணக்குப் போடுற சிஎஸ்எஸ் எஞ்சின மட்டும் கழட்டிட்டு ரஸ்ட்ங்குற மொழில எழுதின ஸ்டைலோவ மாட்டுனாங்க. சுத்தி இருந்த கெக்கோ அப்படியே ஓடுச்சு, ஸ்டைலோ மாறினது பலருக்குத் தெரியக்கூட இல்ல. அதே வெர்ஷன்ல பிரவுசர்ல கூடுதலா சேத்துக்குற பழைய ஆட்-ஆன் எல்லாம் நின்னு போனதுதான் பயனர்களுக்கு வலிச்சுது. உள்ள எத மாத்தினாலும் தாங்குவாங்க, வெளிய குடுத்த வாக்க ஒடைச்சா தாங்க மாட்டாங்க. பைத்தான்ங்குற ப்ரோகிராமிங் மொழியோட 3வது வெர்ஷன்லயும் இதேதான், 2008 டிசம்பர்ல வந்துச்சு, பழைய கோட் அப்படியே ஓடாதுங்குறதால பழைய வெர்ஷனான 2.7க்கு 2015ல முடியவேண்டிய சப்போர்ட்ட 2020 வரைக்கும் இழுக்க வேண்டியதாப் போச்சு.

எனக்கு இதுல பெரிய விஷயம் ஆளுங்கதான். ரீரைட்னு முடிவான உடனே டீம் ரெண்டாப் பிரியும், நல்ல டெவலப்பருங்க புதுசுக்குப் போவாங்க, மிச்சம் இருக்குறவங்க சீக்கிரமே குப்பைக்குப் போகப்போற கோட்ல பக் சரி பண்ணிட்டு உக்காந்திருப்பாங்க. அவங்க எத்தன மாசம் தாங்குவாங்க? ஒவ்வொருத்தரா கிளம்புவாங்க, அப்புறம் புது டீமுக்கு "இந்த இஃப் கண்டிஷன் எதுக்கு இங்க இருக்கு"ன்னு கேக்க ஆளே இருக்காது. அந்தக் கண்டிஷன் யாரோ ஒரு கஸ்டமரோட விசித்திரமான டேட்டாவுக்காக போட்டதா இருக்கும், புதுசுல அது இல்லாம போய், கஸ்டமருங்க நிஜமா பயன்படுத்துற ப்ரொடக்‌ஷன்லதான் தெரியவரும். அதோட பழசுலயும் ஃபீச்சர் கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க, அதனால புதுசு எட்டிப் பிடிக்கவேண்டிய கோடு தள்ளித் தள்ளிப் போயிட்டே இருக்கும்.

துண்டு துண்டா மாத்துறதுல அதே ஆளுங்க கூடவே கத்துக்குவாங்க, தப்பாப் போனா ஒரு மாட்யூல மட்டும் பின்னாடி எடுத்துக்கலாம். மொத்தமா ஒரே நாள்ல மாத்துனா அது கஷ்டம். பிரிட்டன்ல டிஎஸ்பி பேங்க் 2018 ஏப்ரல்ல கஸ்டமர் டேட்டாவ புது சிஸ்டத்துக்கு மொத்தமா மாத்துனாங்க, எல்லா கிளைகளும் அடி வாங்குச்சு, டிசம்பர் வரைக்கும் முழுசா சரியாகல, 2022ல 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம் வேற.

ஆனா துண்டு வழிக்கும் ஒரு சொந்த வியாதி இருக்கு, அத சொல்லாம விடுறது நியாயமில்ல. பாதில நின்னுடும். புது வழி பாதி, பழைய வழி பாதி, புதுசா வர்றவங்களுக்கு எதப் பாத்து எழுதுறதுன்னே புரியாது. லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல, ஒரு நேரத்துல ஒரே ஒரு ப்ராசஸர மட்டும் உள்ள விடுறதுக்காக 1996ல வந்த பெரிய லாக்க ஒவ்வொரு இடமா எடுத்து முழுசா நீக்குனது 2011லதான், அவ்ளோ பொறுமை எல்லா டீமுக்கும் வராது. பழசு நீக்காம கிடந்தா என்னாகும்னு நைட் கேபிடல்ங்குற அமெரிக்க பங்கு வர்த்தக கம்பெனிக்கு 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி தெரிஞ்சுச்சு. பயன்பாட்டுல இல்லாத பழைய கோட ஆன் பண்ற சுவிட்ச் மாதிரியான ஃப்ளாக்க புது வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க, எட்டு சர்வர்ல ஒன்னுக்கு புது கோட் போகல, அதுல பழசு உயிர் பெற்று தப்பு தப்பா பங்கு ஆர்டர் போட்டு 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல போச்சு.

ரீரைட் எப்ப சரி? கீழ இருக்குற பிளாட்ஃபார்மே செத்துட்டா வேற வழி இல்ல, வெப் பக்கத்துல அனிமேஷன், கேம் எல்லாம் ஓடவெச்ச ஃப்ளாஷ் 2020 கடைசில போனப்ப அதுல எழுதினதயெல்லாம் என்ன பண்ண முடியும்? இல்லன்னா ப்ராஜெக்ட் சின்னது, ரெண்டு மூணு பேரு சில மாசத்துல முடிச்சிடலாம், மொதல்ல எழுதினவங்க இன்னும் கூடவே இருக்காங்கன்னா தாராளமா பண்ணலாம். மத்தபடி எந்த வழின்னாலும் முதல் வேலை ஒன்னுதான், இப்ப சிஸ்டம் என்ன பண்ணுதோ அத, தப்பா பண்ணாலும் அப்படியே, டெஸ்டா எழுதி வெச்சுக்குங்க. துண்டு வழினா ஒவ்வொரு மாட்யூலுக்கும் பழச நீக்குற தேதியையும், யாரு நீக்குறதுங்குறதையும் டிக்கெட்ல போட்டுடுங்க, அது முடியாம அடுத்த மாட்யூல தொடவே விடாதீங்க.