அசிங்கமான அட்டை வேறு, ஏமாற்றிய அட்டை வேறு: மெட்டல் ஆல்பங்களில் ஒரு பஞ்சாயத்து

ஹெவி மெட்டல் கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற சண்டை ஒன்று உண்டு: நல்ல ஆல்பத்துக்கு வாய்த்த படுமோசமான அட்டை எது? பத்துப் பெயர் அடிபடும், கடைசியில் இரண்டு மிஞ்சும். ஒன்று பிளாக் சபாத்தின் ‘பார்ன் அகெய்ன்’ (1983). இன்னொன்று அயன் மெய்டனின் ‘டான்ஸ் ஆஃப் டெத்’ (2003). நான் இருந்த சண்டைகளில் எல்லாம் சபாத்தின் சிவப்புக் குழந்தைதான் ஜெயித்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நான்தான் தனியாக எதிர்த்து வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தை இங்கே முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்த முறை தொண்டை மிச்சம்.

முதலில் குற்றவாளி நம்பர் ஒன். நீலப் பின்னணி. நடுவில் வாயைப் பிளந்து வீறிடுகிற ஒரு கைக்குழந்தை, உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு. தலையில் மஞ்சள் கொம்பு, வாயில் கோரைப்பல், விரல் நுனியில் வளைந்து நீண்ட நகம், அதுவும் மஞ்சள். மூன்று நிறமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் ரொம்ப நேரம் பார்த்தால் கண் கூசும். இதை வடிவமைத்தவர் ஸ்டீவ் ‘க்ரஷர்’ ஜூல். அவர் அப்போது சபாத்தின் பழைய பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் தரப்புக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். சபாத்தை நிர்வகித்தவரோ டான் ஆர்டன், ஆஸியின் மனைவி ஷாரனுடைய அப்பா, அந்த இரண்டு வீட்டுக்கும் அப்போது ஆகாது. நடுவில் மாட்டிக்கொள்ள விரும்பாத ஜூல் என்ன செய்தார் என்றால், எப்படியும் நிராகரித்துவிடட்டும் என்று வேண்டுமென்றே மட்டமாக ஒன்றைச் செய்தார். 1968இல் வந்த ஒரு பத்திரிகையின் அட்டையில் இருந்த குழந்தைப் படத்தை நகலெடுத்து, கொம்பும் பல்லும் நகமும் ஒட்டி, இருப்பதிலேயே ஒத்துவராத நிறங்களைப் பூசி, ஒரே ராத்திரியில் முடித்துக் கொடுத்துவிட்டார். (அதே குழந்தைப் படத்தை டெபெஷ் மோட் குழுவும் 1981இல் தங்கள் ‘நியூ லைஃப்’ சிங்கிளுக்குப் பயன்படுத்தியிருக்கிறது. பாவம், அந்தக் குழந்தைக்கு இப்படியொரு ஜாதகம்.) கிடாரிஸ்ட் டோனி ஐயோமிக்கும் பாஸ் வாசித்த கீஸர் பட்லருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. டிரம்மர் பில் வார்டுக்குப் பிடிக்கவில்லை. பாடகர் இயன் கில்லன் அட்டையைப் பார்த்ததும் வாந்தி எடுத்தேன், அப்புறம் ரெக்கார்டைக் கேட்டு இன்னொரு தடவை எடுத்தேன் என்று பேட்டியே கொடுத்துவிட்டார்.

கில்லன் சொன்னதில் ஒரு விஷயம் சரி. அட்டை எப்படியோ ஆல்பமும் அப்படித்தான். கில்லன் டீப் பர்ப்பிள் குழுவில் பாடியவர். அந்தக் குரலும் சபாத்தின் ரிஃப்பும், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிடார் துணுக்கும், ஒரே அறையில் இருக்கவே கூடாதவை. இருந்ததால் கிடைத்தது ‘டிஸ்டர்பிங் த ப்ரீஸ்ட்’. அதில் கில்லன் சிரிக்கிறாரா கத்துகிறாரா என்று தெரியாத அளவுக்குப் பேயாட்டம். ‘ஸீரோ த ஹீரோ’ ஒரே ரிஃப்பைப் பிடித்துக்கொண்டு ஏழு நிமிடத்துக்கு மேல் உருட்டுகிறது. ஒலிக்கலவையோ சேற்றில் முக்கி எடுத்தது போல, கிடாரும் பாஸும் எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அவலட்சணமான, அடங்காத, கொஞ்சம் வெட்கம்கெட்ட ஆல்பம், அதனாலேயே எனக்கு உயிர். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு இதைப் போட்டால் உள்ளே என்ன இருக்கும் என்று அட்டை முன்கூட்டியே சொன்னது துளிகூடப் பொய்யாகவில்லை. அசிங்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏமாற்றம் எங்கே?

இப்போது மெய்டன். இங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

‘டான்ஸ் ஆஃப் டெத்’ அட்டையின் நடுவில் எடி, மெய்டன் அட்டைகளில் எப்போதும் வருகிற அந்தப் பேய்முகச் சின்னம், மரணதேவன் வேடத்தில், கறுப்பு முக்காடும் கையில் அரிவாளுமாக. அதுவரை சரி. அவரைச் சுற்றி முகமூடி போட்ட, உடை அரைகுறையான ஒரு கூட்டம், எல்லாம் கணினியில் செய்த முப்பரிமாணப் பொம்மைகள். கிட்டப் போய்ப் பாருங்கள். தோல் பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று இருக்கிறது. கழுத்து உடம்பு திரும்பாத பக்கம் திரும்பியிருக்கிறது, கை தோளோடு சேருகிற இடம் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. நடனம் என்று பெயர், ஆனால் ஒரு கால்கூட ஆடவில்லை, துணிக்கடை பொம்மைகளை வண்டியிலிருந்து இறக்கி நிறுத்தியது போல ஆளுக்கொரு கோணத்தில் விறைத்து நிற்கிறார்கள். கீழே ஒரு குழந்தை ஓநாய் மேல் சவாரி செய்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள், இருபது வருஷத்துக்கு மேலாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதைச் செய்த டேவிட் பாட்செட் திறமை இல்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் முதலில் கொடுத்ததில் எடியும் பின்னால் சில துறவிகளும்தான். சுற்றி நிற்கிற கூட்டம் மேலாளர் தரப்பின் விருப்பத்தால் பிற்பாடு சேர்ந்தது. அந்த வேலை முடிவதற்குள், பாதியில் இருந்த வடிவத்தையே குழு எடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டது. பாட்செட் தன் பெயரைப் போடாதீர்கள் என்று கேட்டு வாங்கி நீக்கிக்கொண்டார். பாடகர் புரூஸ் டிக்கின்சனே பின்னாளில் இந்த அட்டையைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ‘பாஷண்டேல்’ இருக்கிறது. முதல் உலகப் போரில், 1917இல், பெல்ஜியத்தின் சேற்றில் நடந்த அந்தச் சண்டையைப் பற்றிய எட்டு நிமிடத்துக்கும் மேலான பாட்டு. அட்ரியன் ஸ்மித்தும் ஸ்டீவ் ஹாரிஸும் எழுதியது. ஒற்றைக் கிடார் தட்டலில் ஆரம்பித்து, வாத்தியக் கூட்டம் பின்னால் எழும்பி, நிக்கோ மெக்பிரெய்னின் டிரம்ஸ் பீரங்கியாகிற இடத்தில் எனக்கு இன்றும் ரோமம் எழுந்து நிற்கும். கடைசிப் பாட்டு ‘ஜர்னிமேன்’ மின்கிடாரே இல்லாமல் முழுக்க அகூஸ்டிக்கில் போகிறது, மெய்டன் அதற்கு முன் செய்யாத காரியம். இவ்வளவு கவனமாக, வரிக்கு வரி இழைத்த ஒரு ஆல்பத்துக்கு இழைக்காத ஒரு அட்டை.

சபாத் தரப்புக்குச் சொல்ல ஒரு கதையாவது இருக்கிறது. மெய்டனுக்குக் காசு இல்லையா? கலைஞர்கள் இல்லையா? மூன்று வருஷம் முன்னால்தான், 2000இல், ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ அட்டையில் எதிர்கால லண்டன் நகரத்தை ஸ்டீவ் ஸ்டோன் கணினியில் எழுப்ப, அதற்கு மேலே மேகத்தில் எடியின் முகத்தை, எடியை உருவாக்கிய ஓவியர் டெரெக் ரிக்ஸ் செய்துகொடுத்தார். கணினி வேலையும் ரிக்ஸின் கையும் ஒன்றாக எப்படி அழகாக உட்காரும் என்று அந்தக் குழுவுக்கே தெரியும். அட்டையைப் பார்த்தே ஆல்பம் வாங்க வைத்த குழு எது என்று கேட்டால் மெட்டல் உலகத்தில் முதலில் வருகிற பெயரும் இவர்கள்தான். அவர்கள் கையிலிருந்து இது வந்ததுதான் வலி. யாரோ ஒரு புதுக் குழுவின் முதல் ஆல்பம் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

காசில்லாத குழுக்களையும் பார்த்துவிடலாம், இவர்களுக்கும் மெய்டனுக்கும் ஒரே தண்டனை கொடுப்பது அநியாயம். மெகாடெத்தின் முதல் ஆல்பம் ‘கில்லிங் இஸ் மை பிசினஸ்’ 1985இல் வந்தது. நிறுவனம் கொடுத்த 8,000 டாலரில் பாதி போதைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது என்று குழுவின் தலைவர் டேவ் மஸ்டைனே சொல்லியிருக்கிறார். அட்டைக்காக அவர் வரைந்து அனுப்பிய படம் நிறுவனத்திடமே தொலைந்துபோனது. பதிலுக்கு அவர்கள் வைத்தது ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு, சில மெழுகுவர்த்தி, சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாள். பள்ளி நாடகத்துக்குச் செய்த மாந்திரீகன் அறை மாதிரி இருக்கும். உள்ளே விரல் தெறிக்கிற வேகத்தில் கிடார் வாசிப்பு, வெளியே இது. அடுத்த வருஷமே ‘பீஸ் செல்ஸ்’ ஆல்பத்துக்கு எட் ரெப்கா வந்தார், விக் ராட்டில்ஹெட் என்கிற அந்த மண்டையோட்டு நாயகனுக்கு ஒரு முகம் கிடைத்தது.

எக்சோடஸின் ‘பாண்டட் பை பிளட்’டும் அதே 1985. த்ராஷ் என்கிற அதிவேக மெட்டலின் அஸ்திவாரங்களில் ஒன்று என்று யோசிக்காமல் சொல்லலாம். அட்டையிலோ ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள், ஒன்று சாது, ஒன்று சாத்தான், சிறுவர் பத்திரிகைத் தரத்தில். ஸ்லேயரின் ‘ஷோ நோ மெர்சி’ (1983) அட்டையில் வாளோடு நிற்கிற ஆட்டுத்தலைக்காரர், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தவர். இதெல்லாம் எனக்குக் குறையாகவே படுவதில்லை. இருபது வயதுப் பையன்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தது, பாட்டிலும் அதே பச்சைத்தனம் இருக்கிறது. மலிவு என்பதே தப்பு என்றால் டார்க்த்ரோனின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ (1994) அட்டையையும் தூக்கிப் போடவேண்டும். மெழுகுவர்த்தித் தண்டோடு ஒரு ஆள், நாலாவது தடவை நகலெடுத்த தாள் போன்ற கறுப்பு வெள்ளை, அவ்வளவுதான். அந்த ஆல்பம் கேட்பதற்கும் அப்படியே இருக்கும், அதனால் அது மெட்டலின் மிகச் சிறந்த அட்டைகளில் ஒன்று.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? சபாத், மெய்டன், எக்சோடஸ், மூன்றிலும் குழந்தை. மெட்டலுக்கும் குழந்தைக்கும் ஆகவே ஆகாது என்று சொல்ல வாயெடுத்தால் 1988இன் ‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’ ஞாபகம் வந்துவிடுகிறது. அதிலும் எடி கையில் ஒரு சிசு, ரிக்ஸ் வரைந்தது, பனிப்பாறை நடுவே. அழகு. ஆக, குழந்தை மேல் தப்பில்லை.

மெய்டனுக்கு உண்மையான போட்டி சபாத்திடமிருந்தே வருகிறது, ஆனால் சிவப்புக் குழந்தையிடமிருந்து வரவில்லை. ‘பாரனாய்ட்’ (1970). இந்தப் பேச்சில் இதை யாரும் இழுப்பதில்லை, ஆல்பம் அவ்வளவு பெரிது என்பதால் அட்டைக்குக் கேள்வியே இல்லாமல் போய்விட்டது. கொஞ்சம் பழக்கத்தை மறந்துவிட்டுப் பாருங்கள்: இருட்டில் ஒரு மரத்தடி, தலைக்கவசமும் கேடயமும் வாளுமாக ஒரு ஆள் பாய்கிறார், உருவம் கலங்கி நாலு பேராகத் தெரிகிறார், போட்டிருப்பது இளஞ்சிவப்பு. ஆல்பத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘வார் பிக்ஸ்’, அதாவது போர்ப் பன்றிகள். அதற்குத்தான் இந்த வாள் வீரர். அப்புறம் கடைசி நேரத்தில் இடத்தை நிரப்ப எழுதிய ‘பாரனாய்ட்’ பாட்டு பிரிட்டனில் நாலாம் இடம் வரை போக, நிறுவனம் ஆல்பத்தின் பெயரை மாற்றியது, அட்டையை மாற்றவில்லை. பெயர் போன பிறகு அந்த ஆள் அங்கே என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. போர்ப் பன்றி என்றிருந்தபோதே அது சுமார்தான், பாரனாய்ட் என்றானதும் அர்த்தமே இல்லாமல் போனது என்று கீஸர் பட்லரும் சலித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் கூடுதல் வேதனை, இந்தப் படத்தை எடுத்த அதே மார்கஸ் கீஃப்தான் அதே வருஷம் பிப்ரவரியில் வந்த சபாத்தின் முதல் ஆல்பத்துக்கும் எடுத்தார். தண்ணீரால் சுழலும் பழைய ஆலை ஒன்று, முன்னால் கறுப்புப் போர்வையில் நிற்கிற ஒரு பெண், வெளிறிப்போன நிறங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே பயம் பிடிக்கும். ஒரே ஆள், ஒரே குழு, ஏழு மாதம்தான் இடைவெளி.

‘சபோட்டாஜ்’ (1975) பற்றி இரண்டு வரி. படம் எடுக்கிற நாளில் இது ஒத்திகை என்று நினைத்துக் கையில் கிடைத்த உடையில் வந்து நின்றார்கள், அதுவே அட்டையாகிவிட்டது. பில் வார்டு கால்களில் அவர் மனைவியின் சிவப்பு இறுக்குக் கால்சட்டை. எனக்கு இது பிடிக்கும். ‘சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ்’ ரிஃப்பை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் எந்தக் கால்சட்டையிலும் வரலாம்.

ஆகவே என் தீர்ப்பு: அசிங்கத்தில் ‘பார்ன் அகெய்ன்’ முதலிடம், யாரும் பக்கத்தில் வர முடியாது. ஏமாற்றத்தில் ‘டான்ஸ் ஆஃப் டெத்’, ஒரு தலை முன்னால், அதன் பின்னாலேயே ‘பாரனாய்ட்’. பாரனாய்டுக்கு ஒரு சமாதானம் இருக்கிறது, பெயர் மாறியது குழுவின் கையில் இல்லை. பாதி வேலையைப் பார்த்து இது போதும் என்று சொன்னது மட்டும் மெய்டனின் கையில்தான் இருந்தது.

அட்டையை மாற்றினால் தீருமா என்று கேட்டால் அதுவும் உறுதியாகத் தெரியவில்லை. மெகாடெத் மாற்றிப் பார்த்தார்கள். 2002இல் மறுவெளியீடு வந்தபோது, தொலைந்துபோன மஸ்டைனின் படத்தை அடிப்படையாக வைத்துப் புதிதாக வரையவைத்தார்கள். நேர்த்தியான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. என் போனிலும் அந்தப் படத்தைத்தான் வைத்தேன். பாட்டு ஆரம்பிக்கும், திரையில் அந்தச் சுத்தமான மண்டையோடு தெரியும், வேறு யாரோ ஒரு குழுவைக் கேட்பது போலவே இருக்கும். ஒரு வாரம் தாங்கினேன். அப்புறம் பழைய அலுமினியத் தாளையே தேடி எடுத்து ஒட்டிவிட்டேன்.