சப்பாத்திக்கு மாறுவதா, சோற்றைக் குறைப்பதா?

போன வருஷம் சித்திரையில் எனக்கு ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை) 7.9 என்று வந்தது. குமரி மாவட்டத்துக் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு, வேலை திருவனந்தபுரத்தில். காலை வண்டியில் எங்கள் பெட்டியில் ஏறுகிற பெண்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை உண்டு, அதனால் யோசனைக்குப் பஞ்சமில்லை. பாறசாலை வருவதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒரு கட்சி, "சோற்றை விட்டுடு, சப்பாத்தி, கேழ்வரகு, சாமைக்கு மாறு" என்றது. இன்னொரு கட்சி, "எதையும் மாத்தாதே, சோற்றைக் குறை, மீனையும் துவரனையும் கூட்டு" என்றது. துவரன் என்றால் எங்கள் பக்கத்துத் தேங்காய்ப் பொரியல்.

முதல் வழியில் நாலு மாதம் இருந்தேன். இரண்டாவது வழியில் இது பதினோராவது மாதம். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இடையில் அலுவலகத்துப் பையன் ஒருவன் பேச்சைக் கேட்டுப் பதினோரு நாள் கீட்டோவும் (மாவுச்சத்தை ஏறக்குறைய முழுக்க ஒதுக்கும் உணவு முறை) இருந்து பார்த்தேன். பாதாம் மாவு விலையும் தலைவலியும் மலச்சிக்கலும்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. பதினோரு நாளை வைத்து அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அது ஒரு ஓரமாக இருக்கட்டும்.

சீனியைப் பற்றி இரண்டு கட்சிக்கும் சண்டை கிடையாது. திருவனந்தபுரம் தம்பானூர் சாயாக்கடையில் "ஒரு வித்தவுட்" என்றால் போதும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. முதல் பத்துப் பன்னிரண்டு நாள் வெறும் கசப்பு, பிறகு சீனி போட்ட சாயாதான் குமட்டுகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கருப்பட்டி மேல் ஒரு தனிப் பாசம் உண்டு, பனையிலிருந்து வருவதால் அது மருந்துக் கணக்கில் சேரும் என்று. நாக்குக்கு எப்படியோ, ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். ஏத்தன்பழமும் (நேந்திரம்) அப்படி. நல்ல பெரிய பழம் ஒன்றில் ஐம்பது கிராம் வரை மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும். அதைப் புட்டோடு பிசைந்து தின்றுவிட்டு, "சோறு தொடுவதே இல்லை" என்று சொல்பவர்கள் எங்கள் பெட்டியிலேயே மூன்று பேர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாற்றுவதில் இருக்கும் ஏமாற்றம் கணக்குப் போட்டால்தான் தெரியும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலில், நூறு கிராம் பச்சையரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். கோதுமை மாவில் 64, கேழ்வரகில் 67, சாமையில் 65-க்குக் கொஞ்சம் மேல். நார்ச்சத்து கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் கூடுதல் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் 78-லிருந்து 65-க்கு இறங்குவதற்காகச் சமையலறையையே தலைகீழாக்கினேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிவப்புச் சம்பா அரிசியும் (கேரளத்தில் மட்டை அரிசி என்பார்கள்) அரிசிதான்.

அடுக்களைத் தராசு ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டுச் சிரட்டை அகப்பையில் சோற்றை எடுத்துக் கத்தியால் மட்டம் தட்டி நிறுத்தால் 90 கிராம். வெந்த சோறு நூறு கிராமில் 28 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் ஓர் அகப்பைக்கு 25. நான் முன்பு மத்தியானம் தின்றது நாலரை அகப்பை. நானே நிறுத்துப் பார்க்காமல் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சப்பாத்தி ஒன்றுக்கு 30 கிராம் மாவு போகிறது, அதில் 19 கிராம். மூன்று சப்பாத்தி தின்றால் இரண்டேகால் அகப்பைச் சோறு தின்ற மாதிரி. யாரும் மூன்றோடு நிறுத்துவதில்லை.

மீட்டரும் அதையேதான் சொன்னது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்ப்பேன். மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் தின்ற அன்று 212. கேழ்வரகுப் புட்டுக்கு 230-க்கு மேல். ஓர் அகப்பைச் சோறு, நாலு சாளை (மத்தி மீன்), ஒரு கிண்ணம் பயறு துவரன் என்றால் 150-ஐ ஒட்டி. என் ஒருத்தி உடம்பு காட்டியது இது, வேறு உடம்பு வேறு மாதிரி காட்டலாம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் இன்டியாப் ஆய்வு, 2025-ல் வந்த அதன் உணவுப் பகுதியில், இதையே நாட்டளவில் சொல்லியிருந்தது. நம் சாப்பாட்டுக் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ வைத்ததில் சர்க்கரை வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் போன்ற புரதத்தை வைத்தால்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் விடுங்கள். கணக்கு எனக்கு எதிராக இருந்திருந்தாலும் நான் முதல் வழியை விட்டிருப்பேன். காரணம், இரண்டாவது அடுப்பு.

காலை நாலே முக்கால். ஓர் அடுப்பில் பிள்ளைகளுக்கும் அவருக்கும் அம்மாவுக்கும் சோறு கொதிக்கிறது. பக்கத்தில் எனக்கு மட்டும் சாமை. மாவு பிசைந்து மூடி வைத்திருக்கிறேன். மீன் புளிமுளம் சட்டியில் தயார், ஆனால் அது சப்பாத்திக்குச் சேராது. தீயலும் சேராது. ஓலன், அவியல் எதுவும் சேராது. எங்கள் ஊர்க் கறி அத்தனையும் சோற்றுக்காகவே பிறந்தவை. ஆக சப்பாத்திக்குத் தனியாக ஒரு குருமா, குருமா என்றால் உருளைக்கிழங்கு. அரிசியை வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டுக் கிழங்கைப் புழக்கடை வழியாக உள்ளே கூட்டி வந்த கதை. அதற்குள் வண்டிக்கு நேரமாகிவிடும். புறங்கையில் ஒட்டிய மாவு நெய்யாற்றின்கரை தாண்டும்போதுதான் கண்ணில் படும்.

இதுவும் இரண்டு மாதம் ஓடியது. பிறகு மகனுக்கு ஒரு வாரம் காய்ச்சல். இரண்டாவது அடுப்பு எரியவில்லை. எரியாத நாளில் நான் என்ன செய்தேன்? பழைய நாலரை அகப்பைச் சோற்றைத் தின்றேன். அந்த வழியில் பாதி என்று ஒன்று கிடையாது. சப்பாத்தி இருந்தால் பத்தியம், இல்லாவிட்டால் பழையபடி. காய்ச்சல், விருந்தாளி, கேஸ் தீர்ந்த நாள், கோயில் கொடை என்று எண்ணிப் பார்த்தேன், மாதத்தில் பத்து நாள் பழையபடிதான். நாலு மாதம் கழித்து எடுத்த சோதனையில் 7.6. அவ்வளவு பாட்டுக்கும் அவ்வளவுதான்.

குறைக்கும் வழியில் தனிச் சமையல் கிடையாது. எல்லாருக்கும் வைத்த அதே சோறு, அதே குழம்பு, என் தட்டில் மட்டும் பங்கு மாறுகிறது. முதலில் துவரனும் மீனும், அவை பாதி தீர்ந்த பிறகு ஓர் அகப்பைச் சோறு. சோற்றுப் பானையை மேசைக்குக் கொண்டு வருவதில்லை, அடுக்களையிலேயே இருக்கும். எழுந்து போய் எடுக்க வேண்டும் என்றால் பாதி நாள் சோம்பல் காப்பாற்றிவிடும். முதல் நாள் அம்மா என் தட்டை எட்டிப் பார்த்து, "பூனைக்கு வச்ச சோறு மாதிரி இருக்கே மக்ளே" என்றாள். அலுவலகத்தில் டப்பாவைத் திறந்தால், "சோறெவிடே சேச்சி?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மூன்று அடுக்கில் கீழே வாழைப்பூவோ இடிச்சக்கையோ (பிஞ்சுப் பலா) முருங்கைக்கீரையோ துவரன், நடுவில் வறுத்த மீன் அல்லது இரண்டு முட்டை, மேலே அந்தப் பூனைச் சோறு.

அடுக்களையில் கூடிய வேலை ஒன்றுதான், துவரனைக் கூடுதலாக வைப்பது. நாலு பேருக்கு நறுக்குகிற பயற்றங்காயை ஆறு பேருக்கு நறுக்குவதில் ஐந்து நிமிஷம் போகலாம். அதை ராத்திரியே டிவி முன்னால் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன். காய்ச்சல் வாரம் இந்த வருஷமும் வந்தது. துவரன் இல்லாத நாளில் இரண்டு முட்டையும் மோரும் ஓர் அகப்பைச் சோறும், முடிந்தது. வழி தவறவில்லை.

கல்யாண வீட்டிலும் இதே பலம். எங்கள் பக்கத்துப் பந்தியில் சோறு விழுவதற்கு முன்பே இலையில் அவியல், துவரன், எரிசேரி, கிச்சடி எல்லாம் வந்துவிடும். அவற்றைத் தின்றுகொண்டே இருந்தால் பருப்புக்கு ஒரு கை சோறு போதும், புளிசேரிக்கும் ரசத்துக்கும் கையை இலைக்குக் குறுக்கே வைத்துவிடலாம். பிரதமன் ஒரு கரண்டி. அதை விட்டால் பெண் வீட்டார் மனசு வருத்தப்படுவார்கள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சாக்கு.

மரச்சீனிதான் (மரவள்ளிக்கிழங்கு) கஷ்டம். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880-களில் பரப்பியது இந்தக் கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எங்கள் பாட்டிமார் குடும்பங்களைக் காப்பாற்றியதும் இதுதான். 1956-ல் எல்லை மாறி எங்கள் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, கிழங்கும் மீனும் மாறவில்லை. அதில் நூறு கிராமுக்கு 35 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, பக்கத்தில் வைத்திருக்கும் சாளையில் ஒன்றுமே இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிழங்கு, இரண்டு துண்டு, அன்றைக்குச் சோறு கிடையாது. மீன் எத்தனை வேண்டுமானாலும்.

சாயங்காலம் நாலு மணிப் பசிக்கு ரசவடையும் பழம்பொரியும் கூப்பிடும். பையில் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி வைத்துக்கொள்கிறேன். ரயில் ஏறும் முன்பே அதைத் தின்னாவிட்டால் வண்டியில் வேறு ஏதாவது தின்பேன், இது என் அனுபவம்.

இந்த வழிக்கு ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு, நான் பட்டது. சோற்றைச் சட்டென்று குறைத்த இரண்டாவது வாரம் நெய்யாற்றின்கரை பக்கம் கை நடுங்கி, சேலை நனைகிற மாதிரி வியர்த்துவிட்டது. மீட்டரில் 62. நான் தின்பது சர்க்கரையை இறக்கும் க்ளிமிபிரைடு மாத்திரை, அது பழைய நாலரை அகப்பைக்கு எழுதப்பட்டது. மருத்துவரிடம் சொல்லாமல் குறைத்தது என் தப்பு. அவர் மாத்திரையைப் பாதியாக்கினார். இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் அகப்பையைக் குறைப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவர்களும் மீன், முட்டையைக் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். சப்பாத்திக்கு மாறிய நாலு மாதத்தில் எனக்கு ஒருநாளும் இப்படித் தாழவில்லை.

ஆறு மாதம் கழித்து 6.6. முழுப் பெருமையும் அகப்பைக்குத் தர மாட்டேன், ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் ராத்திரி சாப்பிட்டபின் இருபது நிமிஷம் நடக்கவும் ஆரம்பித்தேன். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. கெட்ட கொழுப்பு 118-லிருந்து 131 ஆகியிருக்கிறது. தேங்காய் கூடியதாலா என்று அடுத்த சோதனையில் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். துவரனுக்குத் தேங்காயை இப்போது பாதியாக்கியிருக்கிறேன்.

மீன் தின்னாதவர்களுக்கு இந்த வழி எவ்வளவு எளிது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் தட்டின் கனமே மீன்தான். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை விசைப்படகுத் தடை வரும்போது எனக்கே கை ஒடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. இப்போது அந்தக் காலம்தான். வள்ளத்தில் வருகிற கொஞ்சம் மீனுக்கு விலை கேட்டால் திரும்பி நடக்கத் தோன்றுகிறது. இந்த மாதம் முட்டை, பயறு, தயிர், வாரம் ஒருமுறை கழுவி ஊறவைத்த நெத்திலிக் கருவாடு என்று ஓட்டுகிறேன். உப்பு என்பதால் அதற்கு மேல் இல்லை.

மாற்றும் வழி யாருக்குச் சரி என்றால், எங்கள் அம்மாவுக்கு. அவளுக்கும் சர்க்கரை உண்டு, எழுபத்தொரு வயசு. ஓர் அகப்பையோடு நிறுத்தச் சொன்னால் முகம் வாடிவிடும், சோற்றைக் கண்டால் அவளால் நிறுத்தவும் முடியாது. எண்ணித் தின்கிற பொருள்தான் அவளுக்கு ஒத்துவருகிறது. ராத்திரி இரண்டு சப்பாத்தி, மூன்றாவது சுடுவதே இல்லை, மாவையே அறுபது கிராம்தான் பிசைகிறேன். தொட்டுக்கொள்ளக் குருமா கேட்பாள். பகலில் மிஞ்சிய துவரனைத்தான் வைக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே தின்றுவிடுகிறாள்.