48-36-26: சுமையோடு மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்த டூரிங் சைக்கிள்

டூரிங் சைக்கிள், அதாவது மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிற சைக்கிள் என்றாலே எல்லாரும் முதலில் எடையைத்தான் கேட்கிறார்கள். 15 கிலோ என்று சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டுகிற ஆள் 70 கிலோ, சைக்கிள் 15, கூடாரம், துணிமணி, தண்ணீர் எல்லாம் சேர்த்து இன்னொரு 15, ஆக 100 கிலோவை மேட்டில் ஏற்றப்போகிறோம். இதில் சைக்கிள் 2 கிலோ குறைந்தால் மிச்சமாவது 2 சதவீதம். அந்த 2 சதவீதத்துக்காக கம்பி குறைவான லேசான சக்கரத்தை வாங்கினால் பாதி வழியில் கம்பி அறுந்து உட்கார வேண்டியதுதான்.

நான் ஓட்டியது குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல் பிரேம், 36 கம்பிச் சக்கரம், 38 மி.மீ. டயர், கேபிள் டிஸ்க் பிரேக், முன்னால் 48, 36, 26 பல்லுள்ள மூன்று வளையம், பின்னால் 11 முதல் 34 பல் வரை ஒன்பது வளையம் அடுக்கிய கேசட். இதே சாமான்களோடு பல பெயர்களில் வண்டி வருகிறது, அதனால் ஸ்டிக்கரில் இருக்கும் பெயரைவிட இந்த எண்களைப் பார்ப்பதுதான் உபயோகம். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் எல்லா சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். பை நிறையச் சுமையோடு, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் பாதையில் விட்டால்தான் வண்டியின் குணம் வெளியே வரும்.

விளம்பரத்தில் 27 கியர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மலையில் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கியர், ஆகக் கடைசிக் கியர், அதாவது இருப்பதிலேயே லேசாக மிதிபடும் சின்னக் கியர். முன்னால் 26, பின்னால் 34 போட்டால் மிதி ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 1.67 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 100 மீட்டர், அதாவது மணிக்கு 6 கிலோமீட்டர். கேவலமான வேகம் மாதிரி தெரியும். ஆனால் 8 சதவீத ஏற்றத்தில் 100 கிலோவை அந்த வேகத்தில் தூக்கவே சுமார் 130 வாட் வேண்டும், இது சாதாரணமாகப் பழகிய ஒருவர் பேசிக்கொண்டே கொடுக்கக்கூடிய உழைப்பு. சாலைப் பந்தய வண்டியில் வரும் 34-28 கியரில் அதே 60 சுற்று மிதிக்க வேண்டுமானால் வேகம் 9.5 ஆகிவிடும், வாட் 200ஐத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுக்க முடியாதவர் சுற்றைக் குறைத்து 40க்கு வருவார், ஒவ்வொரு மிதியும் முட்டியில் போய் விழும், சாயங்காலம் படி இறங்கும்போது தெரியும் அதன் விலை.

சின்னக் கியர் பலவீனர்களுக்கு என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இது பழைய வியாதி. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரை டிரெய்லியர் கியரை (செயினை ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளி மாற்றும் அமைப்பு) அனுமதிக்கவில்லை, அதற்கு வெகு முன்பே பிரான்சில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிய பால் டி விவி, சுற்றுப்பயணக்காரனுக்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். யார் சொன்னது சரி என்று எந்த மேட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஹேண்டில் நுனியில் இருக்கும் கியர் லீவர். ஊசிவளைவு ஒன்றில், வளைவின் உட்பக்கம் திடீரென்று செங்குத்தாகும் இடத்தில், 36-லிருந்து 26-க்கு இறங்க வேண்டி வந்தது. காலின் அழுத்தத்தை அரைச் சுற்றுக்குத் தளர்த்தி லீவரைத் தட்டினால் செயின் ஒரு சின்ன 'டக்' சத்தத்தோடு உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. அழுத்தத்தோடு தட்டினால் கரகரவென்று அரைக்கும், அது எந்த வண்டியிலும் அப்படித்தான். முன் கியர் லீவருக்குக் கிளிக் கிடையாது, விரலால் ஒரு மயிரிழை நகர்த்தினால் உரசல் நின்றுவிடும். கேபிள் கொஞ்சம் தொய்ந்தாலும் வேலை செய்யும், நெடுந்தூரத்துக்கு இது பெரிய வசதி.

குறை? பையெல்லாம் பின் கேரியரிலேயே மாட்டினால் 6 கிலோமீட்டர் வேகத்தில் முன் சக்கரம் குடிகாரன் நடை நடக்கிறது. கேரியரில் 25 கிலோ என்று அச்சடித்திருக்கிறார்கள், கேரியர் தாங்கும், ஓட்டுகிறவர் தாங்க மாட்டார். கனமான சாமானில் ஒரு பங்கை முன் ஃபோர்க்கின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்ட பிறகு அதே வண்டி கோடு போட்டமாதிரி போகிறது. முன் கேரியர் வண்டியோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். ஃபோர்க்கில் அதற்கான திருகு ஓட்டைகள் இருப்பது ஆறுதல்.

இறக்கம்தான் பயமுறுத்தும் என்று நினைத்திருந்தேன். 100 கிலோ 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 490 கிலோஜூல், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுக்க பிரேக்கில்தான் இறங்கும். சக்கர விளிம்பையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் வண்டியில் இந்தச் சூடு ரிம்முக்குப் போய் ட்யூப் வெடிக்கும் அபாயம் உண்டு, டிஸ்க்கில் அந்தக் கவலை இல்லை. தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, நேர்ப்பாதையில் விட்டுவிட்டுப் போனால் தகட்டுக்கு ஆற நேரம் கிடைக்கிறது. அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தபோது பின் பிரேக் லீவர் ஹேண்டிலை நோக்கிக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. இந்தக் கேபிள் பிரேக்கில் தகட்டைப் பிடிக்கும் இரண்டு கட்டைகளில் ஒரு பக்கத்துக் கட்டை மட்டும்தான் நகரும், அசையாத பக்கத்துக் கட்டையை நாமே திருகி உள்ளே கொண்டுவர வேண்டும். கையாலேயே இரண்டு கிளிக் திருகினேன், பழையபடி ஆகிவிட்டது. மழைக்காலத்தில் போகிறவர்கள் வண்டியோடு வரும் ரெசின் கட்டையை மாற்றி மெட்டல் கட்டை போட்டுக்கொள்ளுங்கள், கத்தும், ஆனால் சீக்கிரம் கரையாது.

டைனமோ ஹப் (சக்கரம் சுழலும்போது மின்சாரம் தரும் அச்சுக்குடம்) உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். 6 வோல்ட், 3 வாட் என்பது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் கணக்கு. நாள் முழுக்க ஏறுகிறவருக்கு விளக்கு எரியும், போன் சார்ஜ் ஏறுவது சந்தேகம். மலைக்காக மட்டும் வாங்குவதென்றால் அந்தப் பணத்துக்குப் பவர் பேங்க் போதும்.

சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, அது அவரவர் உடம்பு.

நான் செய்த ஒரே மாற்றம், முன் வளையங்களை 44-32-22 ஆக்கியது. இப்போது கடைசிக் கியரில் 60 சுற்றுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர்தான் வரும், நடைவேகம், ஆனால் 12 சதவீத மேட்டிலும் இறங்காமல் போகிறேன். மேல்பக்கம் 44-11-ல் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 47 கிலோமீட்டர் வரை போகும், அதற்கு மேல் இறக்கத்தில் யார் மிதிக்கப் போகிறார்கள்? வெளி வளையம் சிறிதானதால் முன் டிரெய்லியரைச் சில மி.மீ. கீழே இறக்கிக் கட்ட வேண்டும், செயினிலும் ஒன்றிரண்டு கண்ணி குறைக்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே கிராங்க்கின் (மிதியையும் முன் வளையங்களையும் தாங்கும் பாகம்) உள் வளையத்துக்கு போல்ட் வட்டம், அதாவது வளையத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 64 மி.மீ. தானா என்று கேட்டுவிடுங்கள், அதில் 22 பல் உட்காரும். விலை குறைந்த சில கிராங்க்குகளில் வளையங்களை ரிவெட் அடித்தே அனுப்புகிறார்கள், அதைக் கழற்ற முடியாது, மொத்தக் கிராங்க்கையும் மாற்ற வேண்டிவரும்.