மூன்று வருடம் ஆன்லைனில் ‘பண்பாட்டுப் புரிதல்’ பாடம்: ஒரு நர்சிங் டியூட்டரின் அனுபவம்

ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். நம்மிலிருந்து வேறுபட்ட பழக்கவழக்கமும் பேச்சும் உள்ள நோயாளியை எப்படி அணுகுவது என்ற பாடத்தை மூன்று வருடமாக ஆன்லைனில்தான் நடத்துகிறேன். தமிழ், படுகு, மலையாளம், கன்னடம் என்று வகுப்பே நாலு வீட்டுப் பேச்சு.

முதல் வருடம் காசு கொடுத்து ஒரு ரெடிமேட் கோர்ஸ் வாங்கினோம். வீடியோ எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதில் ஒரு கேள்வி: மலைவாழ் மக்கள் மருத்துவமனைக்கு வரத் தயங்குவது ஏன்? சரியான விடையாம், ‘மூடநம்பிக்கை’. முக்கால்வாசிப் பேர் அதையே அழுத்தி மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். பந்தலூர் பக்கத்து மாணவி ஒருத்தி மட்டும் ‘போக்குவரத்து’ என்று போட்டிருந்தாள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம் அவளுடையது. “மேடம், எங்க லைன்ல காலை பஸ்ஸை விட்டா அடுத்தது மதியம்தான். ஒரு நாள் சம்பளம் போச்சு, கூட வர்றவங்களுக்கும் போச்சு. இதுல மூடநம்பிக்கை எங்க மேடம்?” விடையைத் திருத்தப் பார்த்தேன், கோர்ஸ் விடவில்லை. அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்கவில்லை.

அப்புறம் மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் பாட மென்பொருளில் நானே கட்டினேன். இலவசம்தான், ஆனால் இரண்டு மாத மாலைப்பொழுதுகள் போயின. முதலில், அழுத்தும் விடைக்கு ஏற்பப் போக்கு மாறும் ஒரு கிளைக்கதை: நள்ளிரவில் கூடலூர் பக்கமிருந்து ஒரு பணியர் பழங்குடிச் சிறுவன் மூட்டுவலியோடு வருகிறான். அழவில்லை. ‘வலி குறைவு, காத்திருக்கட்டும்’ என்று அழுத்தினால் கதை மோசமாகும். அது சிக்கிள் செல் வலி; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும் பரம்பரை நோய். நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் இருப்பது 1952-லேயே பதிவானது. பாதிப் பேர் தப்பாகத்தான் அழுத்தினார்கள். எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் எழுதச் சொன்னால், ‘பணியர்கள் வலியைக் காட்டமாட்டார்கள்’ என்று பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள்! வாங்கிய கோர்ஸ் ஒட்டிய முத்திரையைக் கிழித்துவிட்டு நானே புதிதாக ஒன்று ஒட்டியிருக்கிறேன். இப்போது அதே கதையில் கூப்பாடு போடும் இன்னொரு பணியர் சிறுவனும், வாயே திறக்காத ஒரு சென்னை ஐடி ஊழியரும் உண்டு.

இதுவரை நன்றாக வேலை செய்தது வாய்ஸ் நோட்தான். அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் சகாக்களும் 1978-ல் எழுதிய கட்டுரையில் நோயாளியிடம் கேட்கச் சில கேள்விகள் உண்டு: இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு எது பயம் என்கிற மாதிரி. அவற்றை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு, அவர் சம்மதித்தால் அனுப்ப வேண்டும். ஒரு படுகப் பாட்டி, “அதைத் தெரிஞ்சுக்கத்தானே உன்னைப் படிக்க வெச்சோம்?” என்று பேத்தியைத் திட்டினார். திட்டி முடித்து, கொஞ்சம் பொறுத்து, சுகர் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் சாப்பிடுகிறேன் என்றார். முழுசாகப் போட்டால் உடம்பு அதற்கே பழகிவிடுமாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த வீடியோவிலும் இது வராது.

நேரலை வகுப்பு சுமார்தான். ஜூன், ஜூலையில் கூடலூர் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னல் போகும். எல்லாருடைய கேமராவும் மூடியே இருக்கும். ஒருமுறை நோயாளியாக நடித்த பெண்ணிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தேன்: கேள்வி கேட்டதும் பத்து விநாடி பேசாதே. நர்ஸாக நடித்தவள் மூன்றாவது விநாடியில், “மேடம், ஆடியோ போயிடுச்சா?” என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்தப் பயிற்சியை மட்டும் இப்போது வார்டு போஸ்டிங்குக்கு மாற்றிவிட்டேன்: கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, போனை வெளியே வைத்துவிட்டு.