ரிவர்ஸ் இல்லாத ஜெட் ஸ்கீயுடன் மூன்று ஆண்டுகள்

ஆம்பூர் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, குறைந்த விலையில் ஒரு ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர், வாங்க எண்ணியிருப்பதாகவும், எந்த மாடலை எடுக்கலாம் என்றும் கேட்டார். என்னுடைய வண்டி பழுது நீங்கி வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்குத் திரும்பி அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அன்று அவரிடம் கோபத்தோடு சொன்னதை இங்கே நிதானமாக எழுத முயல்கிறேன்.

சீ-டூ நிறுவனத்தின் ஸ்பார்க் மாடல் 899 சிசி, 60 அல்லது 90 குதிரைத்திறன், 30 லிட்டர் டேங்க். யமஹாவின் இஎக்ஸ் மாடல் 1049 சிசி, 50 லிட்டர் டேங்க் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் கேட்காமல் விட்டது ரிவர்ஸைப் பற்றித்தான். இஎக்ஸ் வரிசையின் விலை குறைந்த மாடலுக்கு ரிவர்ஸ் கிடையாது. அடுத்த படியில் கையால் இயக்கும் ரிவர்ஸ் வரும். ஸ்பார்க் 2014 மாடலாக வந்தபோது பிரேக்கும் ரிவர்ஸும் சேர்ந்த அமைப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் ரிவர்ஸ் இல்லாத ஓர் அடிப்படை மாடல்தான். அது எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே முக்கியமில்லை.

ரிவர்ஸ் என்றால் பின்னால் போவதற்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜெட் ஸ்கீயில் கிளட்ச் இல்லை. இன்ஜின் சுழன்றால், தண்ணீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரும் சுழலும். அடியிலுள்ள சல்லடை வழியாக இழுக்கப்படும் தண்ணீர் பின்பக்கக் குழாய்முனையில் பீய்ச்சி அடிக்க, வண்டி முன்னே நகரும். அந்த முனைக்குப் பின்னால் இறங்கி நீரைத் திருப்பும் வாளி போன்ற பாகம்தான் ரிவர்ஸையும், பாதி இறங்கிய நிலையில் நியூட்ரலையும் தருகிறது. ஆகவே ரிவர்ஸ் இல்லாத வண்டிக்கு நியூட்ரலும் இல்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்திய நொடியிலேயே அது கிளம்பிவிடும்.

எங்கள் பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். கடற்கரைக்குப் போகும் வழியிலுள்ள காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்து கிடந்தாலும் அது பாசன ஏரி. அதில் பெட்ரோல் வண்டியை இறக்க எனக்கு மனம் வராது. எனவே ஒவ்வொரு முறையும் டிரெய்லரில் ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெரிந்தவர் நடத்தும் நீர்விளையாட்டுத் தளம் வரை கொண்டுபோகிறேன். அங்கே இறக்குவது எளிது, திரும்பக் கரை சேர்வதுதான் பாடு. இன்ஜினை நிறுத்தினால் ஹேண்டிலைத் திருப்பியும் பயனில்லை, ஏனெனில் நீர் பீய்ச்சினால்தான் வண்டி திரும்பும். காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். அந்தப் பயத்தில், இடுப்பளவு ஆழத்திலேயே நிறுத்த வேண்டிய இன்ஜினை முழங்கால் ஆழம் வரை ஓடவிட்டுவிடுவேன். வண்டிக்கு அடியில் மூன்றடித் தண்ணீராவது இல்லாவிட்டால் சல்லடை மணலையும் சேர்த்து இழுக்கும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தேன்.

அதன் பலன் சென்ற மாதம் கிடைத்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஊரில் இதற்கென்று மெக்கானிக் இல்லாததால், காட்பாடியில் போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பம்ப்பைக் கழற்றி, இம்பெல்லரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தின் உட்புறத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய நகம் மூன்று இடங்களில் மாட்டி நின்றது. "மோட்டார் சுத்துது, தண்ணி ஏறல சார். கிணத்து மோட்டார்லயும் இதே கதைதான்" என்றார். மணல் கீறிய பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் பின்வாங்கிக்கொண்டிருந்தது. வேர் ரிங் எனப்படும் அந்த வளையத்தையும், இம்பெல்லரைக் கழற்றும் கருவியையும் வெளியூரிலிருந்து வரவழைக்க இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயின. இம்பெல்லர் தப்பியது அவருடைய கைத்திறனால் அல்ல, என் அதிர்ஷ்டத்தால் என்று அவரே சொன்னார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இருநூறு கிலோவுக்கும் குறைவான எடை என்பதால், என் சாதாரண காரே டிரெய்லரைச் சிரமமின்றி இழுக்கிறது. மணலில் சிக்கினாலும் நானும் என் தம்பியும் சேர்ந்து நகர்த்திவிடுகிறோம். பெரிய வண்டியில் உணரவே முடியாத சிற்றலைகூட இதில் உடலை லேசாகத் தூக்கிப் போடும். விடியற்காலையில், காற்று எழும்புவதற்கு முன், சமமாகக் கிடக்கும் உப்பங்கழியில் இது திரும்பும் வேகத்தை மூன்று ஆண்டுகளாக அனுபவித்தும் எனக்குச் சலிக்கவில்லை.

நண்பரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன்: ரிவர்ஸ் உள்ள மாடலுக்குப் பணம் சேரும் வரை காத்திருங்கள், அது இல்லாததை யார் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் உங்கள் வண்டியைப் பாதி விலைக்கு விற்பீர்களா என்று கேட்டார். முழு விலை கொடுத்தாலும் விற்பதற்கில்லை என்றேன். வருகிற ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புகிறோம்; இடுப்பளவு ஆழத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வருவதாகத் தம்பியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.