மகளுக்கு வாங்கிய 250 வாட் சைக்கிள்: காயில் கட்டுகிறவனின் மதிப்பீடு

திருநெல்வேலி பேட்டையில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வயல் கிணற்று மோட்டாரிலிருந்து வீட்டு மிக்ஸி வரை, எரிந்து போனதெல்லாம் என் மேஜைக்கு வரும். அதனால் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு பேட்டரி சைக்கிள் வாங்கப் போனபோது, நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நேம் பிளேட்டைத்தான் பார்த்தேன். 36 வோல்ட், 250 வாட், பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மோட்டார். பேட்டரி 7.8 ஆம்ப் அவர். விலை 32,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வண்ணார்பேட்டையில் வாங்கினோம். கோடை விடுமுறைக்கு முன்னால் வாங்கிய வண்டி, ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது.

கடைக்கு வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: 250 வாட் என்னத்தை இழுக்கும்? ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். அப்படியானால் இது மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் மனிதக் கால் தொடர்ந்து மிதித்துக் கொடுப்பது 75 முதல் 100 வாட் வரைதான். அதன்மேல் இந்த 250 சேர்கிறது. சைக்கிளும் ஆளும் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு அடிக்கு ஐந்து அடி ஏறுகிற மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டரில் போக 150 வாட் இருந்தால் போதும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் நானே ஏற்றிப் பார்த்தேன். என் எடை 78 கிலோ. மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன்.

250 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்கிற இடத்திலேயே பலருக்கு அது தெளிவாக இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் இருக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிட பவர் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. மிதிவண்டி என்றால் இன்னும் சில நிபந்தனைகள்: 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி குறைந்து நின்றுவிட வேண்டும், மிதிப்பதை நிறுத்தினாலும் நின்றுவிட வேண்டும், சரியான பிரேக் வேண்டும், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டரும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். இவ்வளவையும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற, அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் ஒன்று பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸும் கட்டாயமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மோட்டார் உள்ள வண்டி ஒன்றைச் சட்டப்படி கொடுக்க வேறு வழி இல்லை.

இதில் என் தொழிலுக்கு மிகவும் பிடித்த வார்த்தை 'முப்பது நிமிடம்'. மோட்டார் ஒரு நொடிக்கு எவ்வளவு தரும் என்று விதி கேட்கவில்லை. சூடு தாங்கி அரை மணி நேரம் தொடர்ந்து எவ்வளவு தரும் என்று கேட்கிறது. சந்தேகத்துக்கு, கரன்ட்டை அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டரை பேட்டரி ஒயரில் மாட்டிப் பார்த்தேன். சமதரையில் 4, 5 ஆம்ப்ஸ். மேம்பால ஏற்றத்தில் 14 வரை போனது. 36 வோல்ட்டோடு பெருக்கிப் பாருங்கள், 500 வாட் வருகிறது. ஏமாற்று எதுவும் இல்லை. எந்த மோட்டாரும் கொஞ்ச நேரம் அதன் நேம் பிளேட் அளவைவிட அதிகமாக இழுக்கும். ஆனால் கரன்ட் இரண்டு மடங்கானால் செம்புக் கம்பியில் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூட்டோடு அரை மணி ஓடினால் கம்பியின் எனாமல் பூச்சு கருகும், ஹப்புக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரம் இளகும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடுகிற ஊர் இது.

ஐரோப்பாவிலும் இதே 250 வாட், இதே 25 கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் 750 வாட் வரை, மணிக்கு 20 மைல் வரை சைக்கிள் கணக்கு. பையன்கள் யூடியூபில் அந்த ஊர் வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்து இங்கே கேட்கிறார்கள். அது அவர்கள் சட்டம். இங்கே அதே வண்டி பதிவில்லாத மோட்டார் வாகனம்.

முதலில் டவுனில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். 'லைசென்ஸ் வேண்டாம்' என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். 250 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஹப்பைக் கையால் அளந்தாலே அது ஆயிரம் வாட்டுக்குக் குறையாது என்று எனக்குத் தெரிந்தது. சான்றின் நகல் கேட்டேன், காட்டவில்லை. சின்ன ஹப் உள்ள இன்னொரு சைக்கிளைக் காட்டி, "அண்ணாச்சி, கன்ட்ரோலர்ல இந்த வெள்ளை ஒயரைக் கழத்திட்டா 35 போவும், பிள்ள சீக்கிரமா ஸ்கூலுக்குப் போயிரும்லா" என்றார் அங்கிருந்த தம்பி. எனக்கு ஆத்திரமாக வந்தது. வேகத்தை 25-இல் நிறுத்துகிற அந்த ஒயரைக் கழற்றிய நிமிடத்திலிருந்து என் மகள் லைசென்ஸ் இல்லாமல், இன்சூரன்ஸ் இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டுகிறாள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் குற்றத்துக்குப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ரத வீதியில் ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் என் கையிலிருந்துதான் போகும். அதைவிடப் பெரிது: 25-க்கும் 35-க்கும் இடையில் பத்துதான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே சைக்கிள், அதே பிரேக் கட்டை.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஒரு சார்ஜுக்குக் கம்பெனி சொன்னது 40 கிலோமீட்டர். மகள் ஓட்டினால் 32 வரை கிடைக்கிறது. ஆனி, ஆடியில் பள்ளி விட்டு டவுனிலிருந்து பேட்டைக்குத் திரும்பும்போது மேல்காற்று முகத்தில் அறையும். அப்போது 25-க்கு இறங்கிவிடும். அவளுக்கு அது தாராளம். முழு சார்ஜுக்கு நாலு மணி நேரம், மூன்றில் ஒரு பங்கு யூனிட் கரன்ட்.

குறை இருக்கிறது. மிதி சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இதில். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதற்குத் தெரியாது. அரைச் சுற்று கழித்துத்தான் மோட்டார் எழும், நிறுத்தினாலும் ஒரு நொடி தள்ளும். கூட்டமான ரத வீதியில் இது நல்லதல்ல. பிரேக் பிடித்தால் மோட்டார் உடனே துண்டிக்கப்படுகிறது என்பதால் இடது பிரேக்கில் எப்போதும் இரண்டு விரல் வைத்திருக்கப் பழக்கினேன். மட்கார்டு தனியாக வாங்க வேண்டும், ஐப்பசியில் அது இல்லாமல் முடியாது. மோட்டார் ஒயர் கனெக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. ரப்பர் உறை போட்டுக் கட்டினேன், தண்ணீர் நின்ற தெருக்களிலும் இதுவரை கோளாறு இல்லை. 23 கிலோ எடை. சார்ஜ் தீர்ந்து மோட்டார் உதவியில்லாமல் மிதிக்கும்போது அந்த எடை தெரியும்.

வாங்கிய கடையை மனதாரப் பாராட்டுகிறேன். சான்றின் நகலைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டியில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லை என்று காட்டியபோது, விதியில் இருப்பதுதானே என்று வேறு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டித் தந்தார்கள், காசு வாங்கவில்லை. ஹெல்மெட் கட்டாயமில்லை என்றாலும் மகளின் அளவுக்கு ஒன்று பொறுக்கி எடுக்க அரை மணி நேரம் கூட நின்றார்கள்.

சுத்தமல்லிப் பக்கமிருந்து இரண்டு பால் கேனோடு டவுனுக்கு வருகிறவர்களுக்கு இந்த வண்டி ஆகாது. அந்த லோடு தினமும் ஹப்பைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அவர்கள் பச்சை நம்பர் பிளேட் உள்ள மின் ஸ்கூட்டர் வாங்கி, இன்சூரன்ஸும் போட்டு ஓட்டட்டும்.